ஒன்பது தாள்

கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கியிருந்தேன்
எல்சிரா வந்தபோது.
கீழே துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல்
போகவா வேண்டாமா என்று ஊதிக்கொண்டிருந்தது.
வால்பரைசோவில் அந்த நேரத்துக்கு மேல்
யாரும் படிக்கட்டு இறங்கி வருவதில்லை.

மார்போடு சேர்த்துப் பிடித்திருந்த படத்தை
மேசைமேல் வைத்தாள்.
ஒரு தாள் அளவு. போன வருடம் நான் போட்டுக் கொடுத்ததுதான்.
ஹசிந்தோ, இருபத்திரண்டு வயது,
துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவன்,
காதுகள் கொஞ்சம் பெரிசு.

"நீதிமன்ற வாசலில் நிற்கிறோம்.
எதிர்ச்சாரியில் போகிறவர்களுக்கு
முகம் தெரியவில்லையாம். பெரிதாக்கு."
எவ்வளவு?
"இரண்டு மடங்கு."
காசையும் இரண்டு மடங்கு எண்ணி வைத்தாள்.

நாலு தாள் ஆகும் என்றேன்.
உயரம் ஒருமுறை இரட்டிக்கும்,
அகலம் தன் பங்குக்கு இன்னொருமுறை.
அவள் முகத்தில் அசைவில்லை.
நாலு வெள்ளைத் தாளைத் தரையில் பரப்பினேன்.
குனிந்து பார்த்தாள், வெகுநேரம்,
தாள்களை அல்ல,
தாள்கள் சந்திக்கிற கோட்டை.

"இந்தச் சிலுவை எங்கே விழும்?"
நட்டநடுவில். மூக்கின்மேல்.
"அவர்கள் அவனை என்ன செய்தார்களோ தெரியாது.
நீ வெட்டாதே."

பிறகு அவளே ஐந்து தாளை எடுத்து
என் நாலோடு சேர்த்து அடுக்கினாள்.
மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று.
நடுத்தாளைக் காலால் தொட்டுக் காட்டினாள்.
கண், மூக்கு, வாய் எல்லாம் அதற்குள் அடங்கும்.
காதுகள்தான் பக்கத்துத் தாளுக்குப் போகும்.
போகட்டும் என்றாள்.

விலையைச் சொன்னதும் தலையை நிமிர்த்தினாள்.
"சட்டத்துக்குத் தச்சன் பெனாவிதெஸ்
மூன்று மடங்குதான் கேட்பான். அவன் மனுஷன்.
நீ ஒன்பது மடங்கு கேட்கிறாய்."
அவன் விளிம்போடு ஓடுகிறான் எல்சிரா,
நான் உள்ளே முழுக்க நிரப்பியாக வேண்டும்.
எனக்கே அது கள்ளச் சமாதானம் போலக் கேட்டது.
ஏழு தாள் ஈரம்பட்டுக் கெட்டது என்று
கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்.

சிவப்பு விளக்கு.
உருப்பெருக்கியைச் சாய்த்துச் சுவரில் விழ வைத்தேன்.
தள்ளி நகர்த்த நகர்த்த அவன் வளர்ந்தான்,
வளர வளர வெளுத்தான்.
இருந்ததெல்லாம் அதே ஒரு பல்பு வெளிச்சம்,
அது ஒன்பது இடத்தில் பரவ வேண்டும்.
ஒரு தாளுக்கு முன்பு ஆறு வினாடி போதும்.
ஆறொன்பது ஐம்பத்து நாலு என்றது வாய்ப்பாடு.
நாற்பத்தாறோடு நிறுத்து என்றது சோதனைத் துண்டு.
துண்டின் பேச்சைக் கேட்டேன்.

ஒன்பது தடவை
நாற்பத்தாறு வரை எண்ணினேன்.
ஏழாவதில் எண்ணிக்கை தவறிற்று,
அதனால்தான் இடது தோள் கறுப்பு.

மருந்துத் தட்டில் அவன் கன்னம்
மணல் மணலாகப் பிரிந்து வந்தது.
இத்தனை இடம் கொடுத்தும்
புதிதாக ஒன்றும் உள்ளே வந்து உட்காரவில்லை.
தாடையில் ஒரு மச்சம் தெரிகிறதே என்று
உருப்பெருக்கியைத் திறந்து பார்த்தேன்.
நெகட்டிவில் தூசு.

செவ்வாய்க்கிழமை போனேன்.
எதிர்ச்சாரியில், சுருட்டுக் கடைப் பக்கம்,
யாரையோ எதிர்பார்ப்பவன் போல நின்றேன்.
அங்கிருந்து ஹசிந்தோ மறுபடியும்
ஒரே ஒரு தாள் அளவு,
சாலையின் நடுவில் நின்று
பழைய படத்தைப் பார்த்தால் எப்படியோ அப்படி.
காதுகள் தெரிந்தன.

கடலிலிருந்து காற்று ஏறியது.
இதை நான் சொல்லவில்லை அவளிடம்:
ஒன்பது தாள் என்றால்
காற்றும் ஒன்பது மடங்கு தள்ளும்.
பெனாவிதெஸின் சட்டம் பின்னால் சாய்ந்தது.
எல்சிரா ஒரு மூலை, நரைத்த இருவர் இரண்டு மூலை,
குதிகாலை ஊன்றிப் பிடித்திருந்தார்கள்.
நாலாவது மூலை ஆடிக்கொண்டிருந்தது.

வாசலில் இரண்டு காவலர்கள்
போகிற வருகிற முகங்களைக் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் போகட்டும் என்று நின்றேன்.
போனது.
இன்னொன்று வருகிறதா என்று பார்த்தேன்.